அத்தான் வாங்கிய அணை

மும்பையில் எங்கள் சொந்தக்காரர்களில் ஆட்டோ வைத்திருக்கிறவர்கள் உண்டு, கடை வைத்திருக்கிறவர்கள் உண்டு, இரண்டு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஒன்றுமே இல்லை என்று மூக்கைச் சிந்துகிறவர்களும் உண்டு. அணை வைத்திருக்கிறவர் ஒருவர்தான். அவர் என் அக்கா பூமாரியின் வீட்டுக்காரர், வானமாமலை அத்தான்.

அணை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மும்பையிலிருந்து ரயிலில் போய்க் கர்ஜத்தில் இறங்கி உள்ளே போனால் இரண்டு சின்னக் குன்றுகள். நடுவில் ஓர் ஓடை. ஓடையை மறித்து ஒரு மண்கரை. நாலைந்து பெஸ்ட் டவுன்பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம், இரண்டு ஆள் உயரம், அவ்வளவுதான். கரைக்குப் பின்னால் குளம். அந்தக் குளம் பாசனத்துக்கும் இல்லை, குடிக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து பார்ப்பதற்கு மட்டும். அதில் மிதக்க, அன்னப்பறவை வடிவத்தில் காலால் மிதிக்கிற பிளாஸ்டிக் படகு ஒன்று. அன்னத்தின் கழுத்து எப்போதோ முறிந்துபோய், அத்தான் அதைப் பசை வைத்து ஒட்டிய லட்சணத்தில், அது எதிரே பார்க்காமல் மிதிக்கிறவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இதற்கு அவர் விசிட்டிங் கார்டு வேறு அடித்திருந்தார். ஒரு பக்கம் 'கிரைண்டர் ரிப்பேர், லேபர் கேம்ப், மாட்டுங்கா'. மறுபக்கம் 'டேம் ஓனர்'.

"நாளைக்கு யாராவது வந்து கரண்டு கேட்டா என்ன செய்விய அத்தான்?" என்று கேட்டேன்.

அவர் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு யோசித்தார். "கரண்டுக்கு இந்தத் தண்ணி பத்தாது மாப்ள. கொஞ்சம் உயரத்துல இருந்து விழணும்," என்றார்.

அவரைக் கேலி செய்வதில் உள்ள கஷ்டமே இதுதான். நாம் ஊசியால் குத்துவோம். அவர் ஊசியை வாங்கிச் சட்டைப் பொத்தானைத் தைத்துக்கொள்வார். ஆனாலும் அக்கா வீட்டுக்காரரைக் கேலி செய்யாமல் இருக்க எனக்கு மனசு வராது. விக்ரோலியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக நாள் முழுக்க நட்டும் போல்ட்டும் எண்ணுகிறவனுக்கு வாரத்தில் வேறு என்ன சந்தோஷம் இருக்கிறது.

அத்தான் பிறந்தது தாராவி லேபர் கேம்ப்பில். அவருடைய அப்பா நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தாராவித் தோல் ஷாப்புக்கு வேலைக்கு வந்தவர். ஊரை அத்தான் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் போய்ப் பார்த்திருக்கிறார். போன போதெல்லாம் அந்த ஊர்க் குளம் வறண்டு கிடந்தது. நடுக்குளத்தில் கிரிக்கெட் ஆடிவிட்டுத்தான் வந்திருக்கிறார். நீச்சல் தெரியாது. ஜூலை மாதம் ரோட்டில் ஏறுகிற தண்ணீரைத் தவிர, முழங்காலுக்கு மேல் அவர் எந்தத் தண்ணீரிலும் இறங்கியதில்லை. தாராவியில் இட்லி மாவு அரைக்கிறவர்களில் பாதிப் பேருடைய கிரைண்டர் அவர் கையால் சுற்றுகிறது. அதோடு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

அவரைக் கெடுத்தது ஜஹாங்கீர் சேட். ஃபோர்ட்டில் கேன்டீன் நடத்திய வயசான பார்ஸிக்காரர். அவருடைய மசாலா கிரைண்டரை அத்தான் வருஷக்கணக்காகப் பழுது பார்த்து வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "என் பண்ணையில் பம்ப் ஓடவில்லை, வா," என்று சேட் தன் காரில் அத்தானைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சேட்டின் அப்பா குடும்பத்தோடு பொழுதுபோக்கக் கட்டிய மண்ணணையும் குளமும் இருந்தன. பம்ப் சரியானதும் சேட், "போய்ப் படகில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வா," என்றார். நீச்சல் தெரியாத மனுஷர் பயந்துகொண்டே ஏறினார். நடுக்குளத்தில் மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாராம். சுற்றிலும் அவ்வளவு தண்ணீர், பக்கத்தில் ஒரு ஆள் இல்லை, வரிசை இல்லை, சண்டை இல்லை. படகிலிருந்து இறங்கியவர் பழைய வானமாமலை இல்லை.

அதன் பிறகு சேட் மகனோடு ஆஸ்திரேலியா போக முடிவு செய்தார். "இதை நீ வாங்கிக்கொள்கிறாயா?" என்று அத்தானிடம் பாதி விளையாட்டாகக் கேட்டார். அத்தான் விளையாட்டே இல்லாமல் சரி என்றார்.

பிரச்சினை என்னவென்றால், அந்தக் காசு அக்காவின் ஃப்ளாட்டுக்காகச் சேர்த்தது. அக்கா பெரிய மாளிகை ஒன்றும் கேட்கவில்லை. பன்வேல் பக்கம் ஒரு சின்ன ஃப்ளாட், உள்ளேயே பாத்ரூம், திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வரும் ஒரு குழாய். அந்தக் குழாய்க்காக அவள் இட்லி சுட்டு விற்றுச் சேர்த்த காசும் அதில் இருந்தது. அத்தான் அவளிடம் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். சொல்வதற்கு அவர் தேர்ந்தெடுத்த நேரம்தான் நேரம்: காலையில், சந்துக் குழாயில் தண்ணீர் வரும் நேரம்.

லேபர் கேம்ப்பில் தண்ணீர் வரும் நேரம் எப்படி என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குழாய் இருமத் தொடங்கியதும் சந்து முழுக்க எழுந்துவிடும். டிரம், குடம், பக்கெட், எண்ணெய் டின், குக்கர், சாம்பார் வாளி, கடைசியில் டம்ளர் வரைக்கும் நிரம்பும். தண்ணீர் வழிந்து தரையில் ஓடினால் அது யார் வீட்டுப் பாத்திரமாக இருந்தாலும் ஓடிப்போய் மூட வேண்டும். இது எழுதாத சட்டம். பக்கத்து வீட்டு ஏஞ்சலம்மாளும் எதிர் வீட்டு ஷைஸ்தாவும் மூன்று வருஷம் பேசாமல் இருந்த காலத்தில்கூட, ஒருத்தி டிரம் வழிந்தால் இன்னொருத்தி வாயைத் திறக்காமல் வந்து குழாயை மூடிவிட்டுப் போவாள். இந்தச் சட்டத்துக்கெல்லாம் தலைமை என் அக்கா.

அப்பேர்ப்பட்ட நேரத்தில் அத்தான் அவள் பின்னால் போய் நின்று, "பூமாரி, ஃப்ளாட்டு வேண்டாம்னு ஒரு டேம் வாங்கிட்டேன்," என்றார்.

அக்கா கடைசி டிரம் நிரம்பும் வரை திரும்பவில்லை. மூடியைப் போட்டாள். கையைத் துடைத்தாள்.

"நான் கொழாத் தண்ணி கேட்டேன். இவிய கொளத்த வாங்கியாந்திருக்காவ," என்று ஏஞ்சலம்மாளிடம் சொன்னாள். அத்தானிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து இரண்டு வருஷம் அக்கா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. யாராவது, "உங்க டேம் எப்படி இருக்கு?" என்று கேட்டால், "அது இவிய டேமு. எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல," என்பாள். சாப்பாடு போட்டாள், பேசினாள், சிரிக்கவும் செய்தாள். அணைப் பேச்சு வந்தால் மட்டும் முகம் சட்டென்று மூடிக்கொள்ளும். அத்தான் ஞாயிறுதோறும் குர்லாவில் வண்டி மாறிக் கர்ஜத் போய், தனியாகக் குளத்தைச் சுற்றிவிட்டு வந்தார். சில நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். படகு மிதிப்பது என் வேலை. அவர் உட்கார்ந்துகொண்டு, "உங்கக்கா ஒருதடவ வந்து பாத்தான்னா போதும் மாப்ள," என்பார். இதை அவர் எத்தனை தடவை சொன்னார் என்று தெரியாது. அன்னம் முகத்துக்கு நேரே முறைத்துக்கொண்டிருக்கும்போது அதைக் கேட்டுக்கொண்டே மிதிப்பது சுலபமில்லை.

அந்த மனுஷருக்கு அணை ஒரு பொருட்டில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அக்கா ஒரே ஒரு தடவை அதை நல்லது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அக்காவைக் கூப்பிட்டால் வரமாட்டாள். ஆனால் சந்துப் பெண்கள் எல்லோரும் போகிற இடத்துக்கு அவள் போகாமல் இருக்கவும் மாட்டாள். அவளில்லாமல் அங்கே என்ன பேசுவார்கள் என்ற கவலை அவளைத் தின்றுவிடும். அத்தான் மினி பஸ் ஏற்பாடு செய்து, ஏஞ்சலம்மாளையும் ஷைஸ்தாவையும் பிள்ளைகுட்டிகளோடு பிக்னிக் கூப்பிட்டார். அக்காவைக் கூப்பிடவே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவள் தானாகவே புளியோதரைக்குப் புளி ஊற வைத்தாள்.

ஜூலை முதல் ஞாயிறு. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. குன்றெல்லாம் பச்சை. பிள்ளைகள் படகுக்குச் சண்டை போட்டார்கள். அக்கா மட்டும் குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எல்லோருக்கும் புளியோதரை பரிமாறினாள். அத்தான் தூரத்தில் நின்று அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

திடீரென்று அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "அது என்ன சத்தம்?" என்றாள்.

கரையின் ஒரு ஓரத்தில், கரையைவிடத் தாழ்வாகக் கல் பாவிய ஒரு வழி உண்டு. குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அந்த வழியாக ஓடைக்குப் போய்விடும். நம் பக்கம் அதை மறுகால் என்பார்கள், அங்கே சாண்டவா. அன்றைக்குக் குளம் நிரம்பி அதில் தண்ணீர் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. அக்கா எழுந்து சத்தத்தைத் தேடிக்கொண்டு போனாள். பின்னாலேயே ஏஞ்சலம்மாள், ஷைஸ்தா எல்லோரும் போனார்கள். போய்ப் பார்த்ததும் எல்லோர் முகமும் ஒரே மாதிரி ஆயிற்று.

"யாருல இது? இம்புட்டுத் தண்ணியும் வேஸ்டா போவுது, ஒருத்தரும் மூடாம வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிய?" என்றாள் அக்கா.

அணையைப் பற்றி அவள் அத்தானிடம் பேசிய முதல் வார்த்தை அது. அத்தானுக்குக் கேட்கக் காது போதவில்லை. "மூடிரலாமா பூமாரி?" என்றார்.

"கேக்கணுமா?"

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சேட்டின் பழைய ஷெட்டில் காலி சிமெண்ட் சாக்குகள் கிடந்தன. சாக்கில் மண்ணை நிரப்பி, வாயைக் கட்டி, கைக்குக் கை மாற்றி வரிசையாக மறுகாலில் அடுக்கினார்கள். தண்ணீர் வழிந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்கள் சந்தில் யாருக்கும் தெரியாது. இடுக்கில் களிமண்ணை உருட்டி உருட்டி அடைத்தார் ஏஞ்சலம்மாள். ஷைஸ்தா மேலே ஏறி மிதித்தார். நானும் சாக்குத் தூக்கினேன். சத்தம் குறைந்து, கடைசியில் சொட்டுக்கூட இல்லாமல் நின்றது. எல்லோரும் கையைத் தட்டிக்கொண்டோம். மண்ணணைக்கு அந்த வழி மூச்சுக்குழாய், அடைத்தால் கரையே உடையும் என்பது அங்கே நின்ற ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தெரிந்த ஒரே ஆள், அணைக்குக் கீழே வயலும் வீடும் வைத்திருக்கிற தத்தாராம். அவர் அன்றைக்குப் பெண்டாட்டியோடு பண்டரிபுரம் யாத்திரை போயிருந்தார்.

அக்கா கரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள். பிறகு, "அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள இன்னும் நெறஞ்சிரும். வந்து பாக்கணும்," என்றாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அத்தான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாடிக்கொண்டு வந்தார். அவருக்குப் பாட வராது.

அந்த வாரம் வானம் கொட்டியது. வியாழக்கிழமை சாயங்காலம் நான் அத்தான் கடையில் உட்கார்ந்திருந்தபோது அத்தானுக்குப் போன் வந்தது. தத்தாராம். யாத்திரையிலிருந்து திரும்பியிருக்கிறார். அவர் கத்தியது எனக்கும் கேட்டது: சாண்டவாவை யாரோ அடைத்திருக்கிறார்கள், தண்ணீர் ஏறிக்கொண்டே போகிறது, உடனே வந்து திற.

"சண்டே ஆயேகா. பக்கா, சண்டே," என்று ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அத்தான் போனை வைத்தார்.

"நாளைக்கே போங்க அத்தான்," என்றேன். "அந்தாளு வீடு கீழ இருக்கு."

"ஞாயித்துக்கெழமை கொளம் நெறஞ்சு நிக்கும்னு உங்கக்கா சந்து முழுக்கச் சொல்லி வச்சிருக்கா. புதுச்சேல எடுத்து வச்சிருக்கா. நான் போயித் தொறந்துட்டு வந்தா..." என்றார். கிரைண்டர் கல்லை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே துடைத்த கல்.

உலகத்தில் பயப்பட எவ்வளவோ இருக்கிறது. இவர் பயந்தது அக்காவின் முகம் மறுபடி மூடிக்கொள்ளுமே என்பதற்கு. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஞாயிறு காலை அதே மினி பஸ். மழை முன்கண்ணாடியை மறைத்தது. நாங்கள் இறங்கிக் கரையேறியபோது குளத்தைக் காணோம். அந்த இடத்தில் பழுப்பாக ஒரு பெரிய தண்ணீர்தான் நின்றது. கரையின் உச்சிக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி. புதுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா அதைப் பார்த்து நின்றாள். விளிம்பு வரை நிறைந்த தண்ணீரை அவள் வாழ்க்கையில் அவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை. முகமெல்லாம் சிரிப்பு. அத்தான் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். பிறகு கரைக்கு மறுபக்கம் பார்த்தார்.

கீழே கரையின் அடிவாரத்தில் விரல் பருமனில் தண்ணீர் கசிந்து ஓடிக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர் இல்லை, மண்ணைக் கரைத்துக்கொண்டு சிவப்பாக வருகிற தண்ணீர். அதைத் தாண்டி, நாற்று நட்ட வயல். வயலோரம் தத்தாராமின் வீடு. தத்தாராம் கடப்பாரையோடு மறுகாலில் இடுப்புவரை நனைந்து நின்றிருந்தார். அத்தான் பேச்சை நம்பி இரண்டு நாள் பொறுத்துவிட்டு, விடிந்ததிலிருந்து தனியாகப் போராடியும் ஒரு சாக்கைக்கூட அவரால் அசைக்க முடியவில்லை. அவ்வளவு நன்றாக அடைத்திருந்தோம்.

அவர் மராத்தியில் திட்டியதைச் சொல்ல வேண்டாம். கடைசியில் ஹிந்தியில் விளக்கினார்: கரைக்குள் மண் கரைகிறது. சாண்டவாவைத் திறந்தால் மட்டும் போதாது, அடியில் இருக்கிற மடையையும் திறந்து குளத்தை முழுக்கக் காலி செய்ய வேண்டும். மழை முடிந்து கரையை வெட்டிக் கட்டும்வரை இதில் தண்ணீர் நிற்கக்கூடாது.

அத்தான் என்னைப் பார்த்தார். "இப்பத்தான் மாப்ள சிரிச்சா," என்றார் மெதுவாக. அவர் கண் கலங்கியிருந்தது. மழையில் அது மழையாகவே இருந்திருக்கலாம், ஆனால் எனக்குத் தெரியும். இதை அக்காவிடம் அவர்தான் சொல்ல வேண்டும்.

அவர் அக்காவிடம் போனார். "பூமாரி, தண்ணிய விடப் போறேன். முழுசையும்."

"இன்னும் ஒரு சாண் இருக்குல்லா. நிக்கும்," என்றாள் அக்கா.

"நிக்காது."

கல்யாணமான நாள் முதல் அவள் சொன்னதற்கு அவர் எதிர்ச்சொல் சொல்லி நான் கேட்டதில்லை. அவரும் பதில் எதிர்பார்த்து நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நீச்சல் தெரியாத மனுஷர், இடுப்பில் கயிற்றைக் கட்டி அதன் மறுமுனையை என் கையில் கொடுத்துவிட்டு மறுகாலில் இறங்கினார்.

அக்கா அவர் போவதைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். தத்தாராமின் பெண்டாட்டி வீட்டுக்கு வெளியே மழையில், தலையில் பாய்ப்படுக்கையும் இடுப்பில் அரிசி டின்னுமாக நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மாடு. அக்காவும் அப்படி டின்னைத் தூக்கிக்கொண்டு நின்றவள்தான். மழைத் தண்ணீர் வாசல்படி தாண்டி உள்ளே வருகிற ஜூலை எத்தனையோ அவளுக்குத் தெரியும். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. புதுச்சேலையை இன்னும் ஏற்றிச் செருகிக்கொண்டு மறுகால் ஓரத்தில் போய் உட்கார்ந்து, "மேல உள்ள சாக்க மொதல்ல உருவுங்க. மெதுவா. ஒண்ணு ஒண்ணா இங்க தாங்க," என்றாள்.

கடப்பாரையால் தத்தாராம் நெம்ப, அத்தான் உருவ, அக்கா வாங்க, போன வாரம் சாக்கு உள்ளே போன அதே வரிசையில் சாக்கு வெளியே வந்தது. தண்ணீர் முதலில் மெல்ல வழிந்தது, பிறகு அத்தானின் காலை வாரியது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். ஏஞ்சலம்மாள் சத்தமாக ஜெபம் சொன்னார். கடைசி சாக்கு போனதும் தண்ணீர் வயலைத் தொடாமல் ஓரமாக ஓடைக்குப் பாய்ந்தது. பிறகு நானும் அத்தானும் மடையின் துருப்பிடித்த திருகுச் சக்கரத்தில் ஒரு இரும்புக் குழாயைச் செருகித் திருப்பினோம். அடியிலும் தண்ணீர் கிளம்பியது.

சாயங்காலத்துக்குள் குளம் போய்விட்டது. அத்தனை தண்ணீர் நின்ற இடத்தில் சேறும், நடுவில் ஓடை பழையபடி ஒரு கோடும், ஓரமாகச் சாய்ந்து கிடந்த படகும்தான் மிச்சம். கரை நின்றது. கசிவு குறைந்து குறைந்து நின்றுவிட்டது. தத்தாராமின் பெண்டாட்டி பாய்ப்படுக்கையை வீட்டுக்குள் வைத்துவிட்டு எங்கள் எல்லோருக்கும் டீ போட்டார். நாங்கள் அவர்கள் வாசலில், கூரைக்கடியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். இரண்டு வருஷத்து அத்தானின் ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்து எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

தத்தாராம் டீயைக் குடித்து முடித்துவிட்டு, எல்லோரையும் ஒரு தடவை பார்த்துக் கேட்டார். "சாண்டவா கிஸ்னே பந்த் கியா?" யார் அடைத்தது என்று.

ஏஞ்சலம்மாள் வானத்தைப் பார்த்தார். ஷைஸ்தா துப்பட்டாவைப் பிழிந்தார். நான் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன். அத்தான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "மைனே," என்றார். நான்தான் என்று.

"ஜூட் போல்தா ஹை," பொய் சொல்கிறார் என்று அக்கா குறுக்கே வந்தாள். சேறு அப்பிய புதுச்சேலையோடு தத்தாராமுக்கு நேரே நின்றாள். "பந்த் மைனே கியா. இவிய வெறும் கிரைண்டர் ரிப்பேர்வாலா. இவியளுக்கு என்ன தெரியும்? டேம் மேரா ஹை." அடைத்தது நான்தான், டேம் என்னுடையது என்று.

தத்தாராம் அவளை அதுவரை பார்த்ததில்லை. "உங்களுடையதா?" என்றார்.

"மேரா," என்றாள் அக்கா. மீதியைத் தமிழும் ஹிந்தியும் கலந்து சொன்னாள். "தப்பு என் மேல. கரைய வெட்டிக் கட்டணும்லா, அது எப்பன்னு என்கிட்ட சொல்லுங்க. இனிமே எதுன்னாலும் எனக்குப் போன் போடுங்க." சொல்லிவிட்டுத் தன் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அவர் தன் போனில் அதைக் குறித்துக்கொண்டு, அவளிடமே மீதித் திட்டையும் திட்டினார். அவள் தலையைக் குனிந்து நின்று கேட்டுக்கொண்டாள்.

இரண்டு வருஷமாக யார் கேட்டாலும் தனக்குச் சம்பந்தமில்லை என்றவள். குளம் நிறைந்து நின்று சந்தெல்லாம் பெருமை பேசிய வாரத்தில்கூட 'இவிய டேமு' என்றுதான் சொன்னாள். தண்ணீரெல்லாம் போய், வெறும் சேற்றுக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் அது அவளுடையதாகிவிட்டது.

நான் அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். தலையிலிருந்து கால்வரை சேறு. கையெல்லாம் சிராய்ப்பு. குளம் போச்சு, காசு போச்சு, ஓனர் பட்டமும் போச்சு. ஆனால் பல்லெல்லாம் தெரிந்தது.

"சிரிக்காதிய அத்தான், அந்தாளு அடிச்சிருவான்," என்று காதுக்குள் சொன்னேன்.

"முடியல மாப்ள," என்றார்.